பத்திரிகை போன வழி

கொசுவுக்கு இறக்கை இருக்கிறதே தவிர, அது பெரிய பயணி ஒன்றும் இல்லை. பிறந்த இடத்திலிருந்து நாலு தெரு தாண்டுவதற்குள் அதன் ஆயுசு முடிந்துவிடும். செங்கல்பட்டில் நடக்கும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிவதற்குள், புகை மருந்து வண்டியை எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் ஆஸ்மா. சுகாதாரத் துறையில் பூச்சியியல் பிரிவில் வேலை. "கொசு பின்னாடி அலையறதுக்கு கவர்மெண்டு சம்பளம் குடுக்குது" என்று என் மாமியார் பதருன்னிசா என்னை உறவுக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவார். அதில் பெருமையும் இருக்கும், குத்தலும் இருக்கும். எனக்கு இரண்டும் பழகிவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் டெங்கு வந்தது. வருவது புதிதில்லை. வந்த விதம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. முதலில் கடற்கரையோரம் எங்கள் கடப்பாக்கத்தில் சில வீடுகள். அடுத்து, கடல் காற்றே படாத அச்சரப்பாக்கத்தில். அதற்கடுத்து வடக்கே மாமல்லபுரத்தில். இடையில் இருக்கும் ஊர்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தெருவுக்கு ஒரு வீட்டில் மட்டும் ஆள் படுத்துக் கிடக்கிறார், அக்கம்பக்கத்தில் எல்லோரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள்.

கூட்டத்தில் டாக்டர் பாலசுப்ரமணியன் திரையில் தெரிந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுக்கெல்லாம் மேலதிகாரி. நல்ல மனிதர். ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர், அதனால் எதிலும் அவசரம்.

"என்னம்மா இது, கொசு பஸ் பிடிச்சுப் போகுதா?" என்றார்.

"கொசு போகல சார், ஆள் போயிருக்கு. காய்ச்சலோட யாரோ ஒருத்தர் வீடு வீடா போய் உக்காந்திருக்காங்க. அந்தந்த வீட்டுக் கொசு அவங்களைக் கடிச்சிருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு அதே கொசு வீட்டுக்காரங்களைக் கடிச்சிருக்கு."

"யாரு அந்த ஆள்?"

"தவணைக்குத் துணி விக்கிறவங்களா இருக்கலாம். குழுக்கடன் வசூலுக்கு வர்றவங்களா இருக்கலாம். இந்த வாரத்துக்குள்ள பிடிச்சுடுறேன் சார். அதுவரைக்கும் புகை மருந்து வண்டியை நிறுத்தி வைங்க."

யாரும் கேட்காமலே சவால் விடுவது என் சுபாவம். இதுவரை அதில் தோற்றதில்லை என்பதால் அதை மாற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. டாக்டர் சிரித்தார். "வீட்ல கல்யாணத்தை வச்சுக்கிட்டுச் சொல்றீங்களேம்மா" என்றார்.

அது உண்மை. என் கொழுந்தன் தௌசிஃபுக்கு நிக்காஹ் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டபம், சமையல்காரர், மாப்பிள்ளையின் செருப்பு வரைக்கும் எல்லாவற்றையும் மாமியே முன்நின்று நடத்திக்கொண்டிருந்தார். பத்திரிகை வைக்கும் வேலையை மட்டும் வேறு எவர் கையிலும் விடவே இல்லை. அதற்கு அவரிடம் சட்டதிட்டமே உண்டு. வயதில் மூத்தவர் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் பாதி சொந்தம் அழைக்கப்பட்டும் பாதி சொந்தம் அழைக்கப்படாமலும் நின்று, கல்யாணத்துக்கு முன்பே சண்டை கட்டிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, போன வீட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"நின்னுகினே குடுத்தா அது அழைப்பு இல்ல, நோட்டீஸு" என்பார்.

அவர் அப்படிப் பத்திரிகை வைத்த அந்த வாரம் முழுக்க நான் ஊரில் இல்லை. மதுரையில் பயிற்சியில் இருந்தேன். கொசுவைப் பற்றிய பயிற்சிதான்.

கூட்டத்துக்கு மறுநாள் அச்சரப்பாக்கம் போனேன். அங்கே காய்ச்சல் வந்தவர்களில் ஒருவர் ஞானதாஸ். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், காலமான என் மாமனாருக்கு உயிர்ச் சிநேகிதர். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி, கட்டிலில் கஞ்சியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சந்திரம்மா என்னைப் பார்த்ததும் காபி போட ஓடினார். நான் வழக்கம்போல் தொட்டி, டிரம், பூந்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாக ஃபிரிட்ஜ் அருகே வந்தேன்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கும். உள்ளிருந்து வழியும் தண்ணீர் அதில் வந்து சேரும். வாங்கிய நாளிலிருந்து அதை எட்டிப் பார்த்தவர் நாட்டில் அபூர்வம். நான் டார்ச்சோடு குனிந்தேன். தட்டு நிறையக் கொசுப்புழு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் போய் ஒளிந்தன.

"இன்னா பாப்பா, அதுக்குள்ள பூந்து இன்னா தேடிகினு கீற?" என்றார் சந்திரம்மா.

"ஐயாவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பனவன் இங்கதான் குடியிருக்கான்மா."

எழுந்தபோது ஃபிரிட்ஜின் கதவு முகத்துக்கு நேராக இருந்தது. அதில் காந்தம் வைத்து ஒட்டிய பச்சை அட்டை. தங்க எழுத்தில் தௌசிஃப், ஹனியா. எங்கள் வீட்டுப் பத்திரிகை. அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது, அழைத்தவர்கள் வீட்டில் பத்திரிகை இருக்கத்தானே செய்யும். ஆனால் முந்தின வாரம் மாமல்லபுரத்தில் காய்ச்சல் வீடு ஒன்றிலும் இதே அட்டையைத் தொலைக்காட்சிக்கு மேலே பார்த்திருந்தேன். கடப்பாக்கத்தில் காய்ச்சல் வந்த வீடுகள் அத்தனையிலும் பார்த்திருந்தேன். அப்போதெல்லாம் எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்ததோடு சரி.

சந்திரம்மா காபியை நீட்டிக்கொண்டே பேசினார். "இதே எடத்துலதான் ஒங்க மாமி வந்து ஒக்காந்தாங்க. சோபாவுல ஒக்காருங்கன்னு சொன்னா கேக்கல, தரையிலயே ஒக்காந்துகினு சொவுத்துல சாஞ்சிட்டாங்க. ஃபேன நிறுத்தச் சொல்லிட்டாங்க, குளுருதாம். எனக்கு வேர்த்து ஊத்துது, அவங்க முக்காட்ட இழுத்துப் போத்திகினு நடுங்கறாங்க. சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தன். வூட்டுக்குப் போய்ப் படுங்கன்னதுக்கு, இன்னும் நெறைய வூடு கீதுன்னாங்க."

காபி டம்ளர் என் கையில் இருந்தது. அதைக் குடிக்கத் தோன்றவில்லை.

வாசலுக்கு வந்து மாமல்லபுரத்தில் சங்குப் பொருள் கடை வைத்திருக்கும் சுஷ்மிதாவை போனில் கூப்பிட்டேன். அவள் மகளுக்குத்தான் அங்கே காய்ச்சல். எங்கள் மாமி பத்திரிகை வைக்க வந்தபோது ஃபேனை என்ன செய்தார் என்று கேட்டேன்.

"நிறுத்தச் சொன்னாங்கக்கா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

கடப்பாக்கத்து உறவுக்காரர்களைக் கூப்பிட்டேன். அங்கேயும் ஃபேனை நிறுத்தியிருக்கிறார்கள். பிறகு, தூரம் என்பதால் வாட்ஸ்அப்பில் மட்டும் பத்திரிகை அனுப்பிய வீடுகளைக் கூப்பிட்டேன். அங்கே ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. வாட்ஸ்அப்பில் அழைத்தார்கள் என்று கோபித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

குளிருகிறது என்று ஃபேனை நிறுத்தினால் காற்று நிற்கும். காற்று நின்றால் ஃபிரிட்ஜின் பின்னாலிருந்து பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு நிதானமாக வெளியே வரும். காய்ச்சலோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மனுஷியைவிட அதற்கு வேறென்ன வேண்டும். நான் தேடிய ஆள் தவணைக்காரனும் இல்லை, கடன் வசூலிக்கிறவனும் இல்லை. என் மாமி, கையில் கற்கண்டுத் தட்டோடு.

சவாலில் ஜெயித்துவிட்டேன். அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே இன்னொன்றும் உறைத்தது. காய்ச்சல் வந்த வரிசைதான் மாமி போன வரிசை. முதல் நாள் போன வீடுகளில் முதலில் வந்தது, அடுத்த நாள் போன வீடுகளில் அடுத்து வந்தது. அப்படியென்றால் கடைசியாகப் போன வீட்டில் இனிமேல்தான் வரப்போகிறது. கடைசி வீடு அனுபுரம். ரெபேக்காளின் வீடு.

ரெபேக்காள் கடப்பாக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தபோது எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தவள். எனக்குத் தோழி, மாமிக்கு அதைவிட மேலே. ஜெரோமைக் கட்டிக்கொண்டு அனுபுரம் போன பிறகும் மாமி வாரம் தவறாமல் போனில் பேசுவார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து இப்போதுதான் அவளுக்குப் பிள்ளை தங்கியிருந்தது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அந்த நிலையில் டெங்கு வந்தால், பிரசவத்தில் ரத்தம் நிற்காது. தாயும் பிள்ளையும் இரண்டுமே கைவிட்டுப் போகலாம். நான் மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்லும் பாடம்தான் இது. அன்று அது பாடமாகத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே பேசினாள். காய்ச்சல் இல்லை, கால்தான் வீங்கியிருக்கிறது என்றாள்.

"மாமி வந்தப்ப எவ்ளோ நேரம் இருந்தாங்க?"

"சாப்ட்டாங்க. அப்புறம் என் ரூம்லயே படுத்து நல்லா தூங்கிட்டாங்கடீ. பாவம், அலைச்சல். ஃபேன்கூட வேணாம்னுட்டாங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஜீப் டிரைவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் கணவர் பஷீருதீன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். பத்திரிகை வைக்க மாமியைக் கூட்டிப்போனது அவர்தான்.

"ஒங்க அம்மாவுக்குக் காய்ச்சல் அடிச்சிதா இல்லியா?"

அவர் குழாயை நிறுத்தவில்லை. "லேசா. மாத்திர வாங்கிக் குடுத்தன். ஒங்கிட்ட சொல்லாதன்னாங்க, நீ பேஜாரு பண்ணுவியாம்."

கொசுத் துறையில் வேலை பார்ப்பவளின் புருஷன் இவர். நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பதை எழுதினால் அச்சில் ஏறாது. உள்ளே போனேன்.

மாமி கூடத்தில் உட்கார்ந்து, மண்டபத்தில் கொடுப்பதற்கான பேரீச்சம்பழப் பைகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஞானதாஸ், சுஷ்மிதாவின் மகள், கடப்பாக்கத்து வீடுகள், நிறுத்தப்பட்ட ஃபேன்கள். சொல்லச் சொல்ல அவர் கை வேகமாக முடிச்சுப் போட்டது.

"மழ நாள்ல எல்லார்க்கும் வர காய்ச்சல்தான். எம்மேல ஏன் போடற? ஒடம்பு கொஞ்சம் கசகசன்னு இருந்துச்சு, அவ்ளோதான்."

"கசகசன்னு இருந்தா ஃபேன வேகமா வைப்பாங்க மாமி. நிறுத்த மாட்டாங்க."

"அப்ப நம்ம வூட்ல மட்டும் ஏன் யாருக்கும் வரல? மொதல்ல இங்கதான வந்திருக்கணும்?"

"நம்ம வூட்ல கொசு இல்ல. நான் கீறேன்ல."

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் தட்டை வாரம் தவறாமல் கழுவுகிறவள் நான். அதற்காக மாமியிடம் எத்தனை கிண்டல் வாங்கியிருக்கிறேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். குரல் தணிந்தது. "நடுவுல எப்டி நிறுத்தறது? பாதி வூடு முடிஞ்சிருந்துச்சு. மாப்ள அம்மா படுத்துகினாளாம்னு சம்பந்தி வூடு வரைக்கும் போவும். கல்யாணத்துக்கு முன்னாடியே காய்ச்சலக் கொண்டாந்தாங்கன்னு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. எம்புள்ள கல்யாணம், ஆஸ்மா."

"ரெபேக்காளுக்கு இனிமேதான் வரும்" என்றேன்.

நான் அதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகச் சொல்ல வராது. மாமியின் முகம் வெளுத்தது. நாடாவைத் தள்ளி வைத்தார். பிறகு முக்காட்டை ஒதுக்கி, சட்டைக் கையை மேலே ஏற்றி, கையை என் பக்கம் நீட்டினார்.

"ரத்தம் எடு. டெங்குதானான்னு பாரு. ஆனா அதுக்குக் காத்துகினு ஒக்காராத. இப்ப இன்னா செய்யணும்?"

எல்லா வீட்டுக்கும் பணியாளர்களை அனுப்பி மருந்தடிக்கச் சொல்கிறேன் என்றேன். மாமி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"யூனிபாரம் போட்டுகினு வரவன அடுப்படி வரைக்கும் யாரு வுடுவா? வாசல்லயே எல்லாம் சரியா கீதுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. நீயே எத்தினி வாட்டி வந்து பொலம்பிகீற. நான் வரேன். எனக்கு எந்த வூட்லயும் கதவு சாத்த மாட்டாங்க."

அது சரிதான். என் வேலையில் பாதி, கதவைத் திறக்கவைப்பது. அதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மறுநாள் காலை நாஸ்தாகூடச் சாப்பிடாமல் காரில் ஏறினோம். பின்சீட்டில் நான், என் பக்கத்தில் மருந்து தெளிப்பானோடு ஒரு பணியாளர். மாமி முன்சீட்டில். பஷீருதீன் வழக்கம்போல் வண்டியைக் கடப்பாக்கத்துப் பெரியவர் வீட்டுப் பக்கம் திருப்பினார். மூத்தவர் வீட்டிலிருந்துதானே தொடங்க வேண்டும்.

"எங்க போற?" என்றார் மாமி.

"பெரியப்பா வூட்டுக்கு."

"அவரு கோவிச்சிகினா நான் பேசிக்கறேன். அனுபுரத்துக்கு வுடு."

எனக்குத் தெரிந்து, வாழ்நாளில் முதல்முறையாக அவர் அந்த வரிசையை மாற்றினார். பஷீருதீன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ரெபேக்காள் கதவைத் திறந்ததும் மாமி அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். அப்புறம் கழுத்தில். சூடு இல்லை. "வாங்க மாமி, ஒக்காருங்க" என்றாள் அவள்.

"ஒக்கார மாட்டன்" என்றார் மாமி. நடுக்கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார். "போன வாட்டி நான் வந்தப்ப எனக்குக் காய்ச்சலு. ஒங்கிட்ட மறைச்சிட்டன். ஒன் ரூம்ல வந்து படுத்துத் தூங்கினன். இங்க கீற கொசு என்னக் கடிச்சிருக்கும். இப்ப அதே கொசு ஒன்னக் கடிக்கும். ஒன் வயித்துல கீற புள்ளைக்கு நான் செஞ்ச வேல இது. மன்னிச்சிக்கோ."

ரெபேக்காள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெரோம் உள்ளிருந்து வந்து விஷயம் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் மாமி அடுப்படிக்குப் போய்விட்டார். ஃபிரிட்ஜை நானும் ஜெரோமும் நகர்த்த, அவர் தரையில் மண்டியிட்டு அந்தத் தட்டைத் தானே உருவி எடுத்தார். அதில் புழுக்கள் நெளிந்தன. கட்டிலுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில் கொசுக்கள் அடைந்திருந்தன. படுக்கையறையில் பணியாளர் மருந்தடித்தார். நான் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்க விடவில்லை.

"இப்ப சரியா?" என்றார் ஜெரோம்.

சரி என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் நேற்றோ அதற்கு முந்தின நாளோ யாரையாவது கடித்திருந்தால், அதை எந்த மருந்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அதையே சொன்னேன். மாமி கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"இவள நான் கூட்டுகினு போறேன். பழைய மாடி காலியாதான் கீது. எங்க வூட்ல கொசு இல்ல. மருமவ கீறா" என்றார்.

குத்தல் துளியும் இல்லாமல் அவர் என்னைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். அதை ரசிக்க அப்போது நேரமில்லை.

ரெபேக்காளை எங்கள் மாடியில் குடிவைத்துவிட்டு மற்ற வீடுகளுக்குப் போனோம். காய்ச்சல் வந்த வீடு, வராத வீடு, எதையும் விடவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மாமி நின்றுகொண்டே பேசினார். "எனக்குதான் காய்ச்சல் இருந்துச்சு, மறைச்சிட்டன். ஒங்க ஃபிரிட்ஜ் பின்னாடி பாக்கணும்." சிலர் சிரித்தார்கள். பெரியப்பா வீட்டில் வரிசை தவறியதற்கு மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஞானதாஸ், "பஸ்ல டிக்கெட் வாங்காம ஏறனவன நான் வுட்டதே இல்ல, இந்தக் கொசு எப்டியோ ஏறிச்சி" என்றார். சந்திரம்மா அவர் வாயை அடைத்துவிட்டு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமி அதிகம் பயந்தது சம்பந்தி வீட்டுக்குத்தான். ஹனியாவின் அப்பா அப்துல் அஹத் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இவ்ளோதானா? கல்யாணத்த நிறுத்த வந்திருக்கீங்கன்னு நெனச்சு நெஞ்சே நின்னுபோச்சு" என்றார். பிறகு எழுந்துபோய், தன் வீட்டு ஃபிரிட்ஜைத் தானே நகர்த்தினார். அங்கே புழு இருந்தது. நான் சொன்னதும் வெட்கப்பட்டார்.

அந்த வாரம் ஜெரோமுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்குதான். நான் எதிர்பார்த்ததுதான். அந்த வீட்டில் இருந்த கொசு வேலையை முடித்துவிட்டிருந்தது, இனி அது ரெபேக்காளையும் கடித்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. ஜெரோமை ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுக்க வைத்தார்கள். இங்கே எங்கள் மாடியில் பொழுது விடிந்ததும் மாமி ஏறிப் போவார். புறங்கையை ரெபேக்காளின் நெற்றியில் வைப்பார், கழுத்தில் வைப்பார், இறங்கி வந்து என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை மட்டும் அசைப்பார். தெர்மாமீட்டர் வைத்து நானும் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகும்.

ஒருநாள் அவர் மேலே போனவர் வெகுநேரம் இறங்கி வரவில்லை. நான் ஓடினேன். அவர் தொழுகை விரிப்பில் இருந்தார், ரெபேக்காள் பக்கத்தில் நாற்காலியில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓசைப்படாமல் இறங்கி வந்து, ஏற்கெனவே கழுவிய ஃபிரிட்ஜ் தட்டை மறுபடி கழுவினேன்.

காய்ச்சல் வரக்கூடிய காலம் முழுவதும் கடந்தது. அவளுக்கு வரவில்லை. மாமி அழைத்திருந்த மற்ற வீடுகளிலும் புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். புதிய புள்ளி ஒன்றும் இல்லை.

"ஆளைப் பிடிச்சிட்டீங்களாம்மா?" என்றார்.

"பிடிச்சிட்டேன் சார். என் மாமியார்."

அறையில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அடங்கியது. நடந்ததை அப்படியே சொன்னேன், மாமிக்கு வந்ததும் டெங்குதான் என்று ரத்தப் பரிசோதனை காட்டியதையும் சேர்த்து. மாமியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். "பேரோட சொல்லு. மறைச்சதாலதான இவ்ளோவும்" என்றிருந்தார்.

நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. எடை குறைந்த ஜெரோம் வந்தார். ரெபேக்காள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது, அவளும் நலம், பிள்ளையும் நலம்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்ததும் பத்திரிகை வைக்க ரெபேக்காள் எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தாள். வெயில் நேரம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மாமி, நின்னுகினே குடுத்துட்டுப் போயிடவா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மாமி எழுந்து போய், வாசற்படியிலேயே அவளை நிறுத்தி, நெற்றியில் புறங்கையை வைத்தார். கழுத்தில் வைத்தார். தூக்கத்தில் இருந்த பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சுவரில் கைவைத்து ஃபேனைக் கடைசி வேகம் வரைக்கும் திருகினார்.

"ஒடம்பு நல்லா கீது. இப்ப ஒக்காரு" என்றார்.